கோடை வராத ஆண்டு



காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் சீவ முடியாது. வானம் கொஞ்சம் மாறினாலே நம்ம வீட்டு அடுப்பு வரைக்கும் அது தெரியும். அப்படியிருக்க, பல நாடுகளில் ஒரே சமயத்தில் பருவம் தவறினால் என்ன ஆகும்? இது கற்பனை அல்ல. 1816இல் உண்மையாகவே நடந்தது. அதற்குக் காரணமான மலை எங்கோ தூர தேசத்தில் இல்லை. நமது அண்டை நாடான இந்தோனேசியாவில், சும்பாவா தீவில் இருக்கிறது. அதன் பெயர் தம்போரா.

1815 ஏப்ரல் 5ஆம் தேதி தம்போரா குமுறத் தொடங்கியது. ஜாவாவில் இருந்தவர்கள் பீரங்கிச் சத்தம் என்று எண்ணிப் படைகளை அனுப்பினார்கள்! ஏப்ரல் 10ஆம் தேதி மலையே வெடித்தது. ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரமிருந்த மலை 2,850 மீட்டர் அளவுக்குக் குறைந்துபோனது. உச்சியில் சுமார் 6 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரும் பள்ளம் விழுந்தது.

அப்போது ஜாவாவை ஆண்டவர், பின்னாளில் சிங்கப்பூருக்கு வந்த அதே ராஃபிள்ஸ்தான். அவர் லெப்டினன்ட் ஓவன் பிலிப்ஸ் என்பவரிடம் அரிசி கொடுத்து அனுப்பினார். பிலிப்ஸ் அங்கே கண்டது என்ன தெரியுமா? வயல்கள் சாம்பலில் புதைந்து கிடந்தன. சங்கார் அரசரின் மகளே பசியால் இறந்துபோயிருந்தாள். அரண்மனைக்கே அந்தக் கதி என்றால் குடிசைகளின் கதியை நீங்களே நினைத்துப் பாருங்கள். நெருப்பில் மாண்டவர்களைவிடப் பசியிலும் நோயிலும் மாண்டவர்களே அதிகம்.

சரி, இந்தோனேசியாவில் மலை வெடித்தால் ஐரோப்பா ஏன் குளிர வேண்டும்? புகைமூட்டக் காலத்தில் சூரியன் மங்கிச் சிவந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல மழை பெய்தால் அது அடங்கிவிடும். ஆனால் தம்போரா கக்கிய கந்தக வாயு மழை மேகங்களுக்கும் மேலே போய்விட்டது. அங்கே மழை ஏது? வாயு மிக நுண்ணிய துளிகளாக மாறி, காற்றோடு உலகைச் சுற்றி, ஓரிரு ஆண்டுகள் மிதந்தது. வெயிலில் ஒரு பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பியது.

விளைவு? 1816 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி பெய்தது. சோளப் பயிர் கருகியது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஓயாத மழையில் தானியம் அழுகியது. ரொட்டி விலை ஏறியது. ஏழை மக்கள் பிச்சையெடுத்தார்கள். பலர் ஊரைவிட்டே போனார்கள். தங்கள் பசிக்குக் காரணம் எங்கோ வெடித்த மலை என்று அவர்களுக்குத் தெரியாது. எரிமலைத் தூசிக்கும் குளிர்ந்த ஆண்டுகளுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறிஞர் ஹம்ப்ரீஸ் 1913இல்தான் விளக்கி எழுதினார். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் தோண்டியெடுத்த பழைய பனிக்கட்டியில் தம்போராவின் கந்தகம் இன்றும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய வெடிப்பும் உண்டு. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தது. அதன் சாம்பல் நம் பேராக் மாநிலத்து லெங்கோங்கிலும் இந்தியாவிலும் கிடைத்திருக்கிறது.

மாணவர்களே, மலை வெடிப்பதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் 1991இல் பிலிப்பைன்ஸில் பினாத்துபோ வெடிக்கும் முன்பே அறிஞர்கள் அறிகுறிகளைப் படித்து எச்சரித்தார்கள். பல்லாயிரம் மக்கள் வெளியேறி உயிர் பிழைத்தார்கள். சும்பாவா மக்களுக்கு இந்த வாய்ப்பு இருந்ததா? இல்லையே! நிலநூலும் வானிலையும் பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பாடமல்ல. ஒரு ஊரையே காப்பாற்றக்கூடிய பாடம். பெற்றோர்களே, பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். கேட்கட்டும்!