அன்புள்ள &பெயர்& அவர்களுக்கு...

மக்களே, நம்மள மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு மெயில் மெர்ஜ் எல்லாம் ஒரு சப்பை மேட்டர். ஒரு கடிதம், ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு லூப். முடிஞ்சது வேலை. ஆனா இந்தச் சமாச்சாரத்துக்கு கம்ப்யூட்டரை விட வயசு அதிகம்.

அச்சடிச்சு வந்த சுற்றறிக்கைன்னா நேரா குப்பைக்கூடைதான். பெயர் போட்டு டைப் அடிச்ச கடிதம்னா, 'நமக்குன்னு யாரோ உட்கார்ந்து அடிச்சிருக்காங்க'ன்னு பிரிச்சுப் படிப்பாங்க. ஆனா ஆயிரம் பேருக்கு யார் அடிக்கிறது?

1930களில் அமெரிக்காவில் ஷுல்ஸ் என்ற கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. தானாக வாசிக்கும் பியானோவில் துளை போட்ட காகிதச் சுருள் ஒன்று ஓடும். துளை வரும் இடத்துக்கு ஏற்ற கட்டை இறங்கும். அதே உத்தியை டைப்ரைட்டரில் மாட்டினார்கள். டைப்பிஸ்ட் பெயரையும் விலாசத்தையும் மட்டும் கையால் அடிப்பார். மீதிக் கடிதத்தைச் சுருள் பார்த்துக்கொள்ளும்.

1964ல் ஐபிஎம், காந்த நாடாவோடு ஒரு டைப்ரைட்டரைக் கொண்டுவந்தது. இரண்டு நாடா மாட்டும் மாடலில், ஒன்றில் கடிதம், இன்னொன்றில் விலாசங்கள். ஆக, பெயரை அடிக்கவும் ஆள் தேவையில்லை.

அடுத்தது 1980களின் வேர்ட்ஸ்டார். நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்கள்லயும் சொல்லிக்கொடுத்தாங்களே, அதேதான். அதோட துணை புரோகிராம் மெயில்மெர்ஜ். கடிதத்தில் &பெயர்& என்று எழுதிவைத்தால், கமா போட்டுப் பிரித்த பட்டியலிலிருந்து எடுத்து நிரப்பும். ஒரு கமா விட்டுப்போச்சுன்னா பெயர் இருக்கிற இடத்துல ஊர் வந்து உட்கார்ந்துக்கும் :-)

அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சிலர் விலாசத்தில் இரண்டாவது வரி இருக்காது. அங்கே வெற்று வரி விழாமல் இருக்க, தனியாக ஒரு குறி வைத்திருந்தார்கள். ஒருத்தரிடம் ஒன்று இல்லாமலும் இருக்கலாம் என்று அப்பவே யோசிச்சிருக்காங்க!

இப்போ? 'லாஸ்ட் நேம்' பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியா விட்டா ஃபார்ம் நகராது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இனிஷியல்தான். அதை விரிச்சா அப்பா பெயர். அதைத்தான் நானும் ஒரு கம்பெனி ஃபார்மில் போட்டேன். போன பிறந்தநாளுக்கு அங்கிருந்து மெயில்: 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, அப்பா பெயர், அப்புறம் 'நீங்கள் நூறாண்டு வாழ வாழ்த்துகிறோம்'.

அப்பா போய் நாலு வருஷம் ஆகுது. போனை எட்டிப் பார்த்த அம்மா எதுவும் சொல்லல. எழுந்து சமையலறைக்குப் போயிட்டாங்க.

யாரையும் புண்படுத்த அந்த புரோகிராம் எழுதப்படவில்லை. பட்டியலில் இருந்ததை எடுத்துப் போட்டது, அவ்வளவுதான். சுருள் காலத்து டைப்பிஸ்டாவது ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை கண்ணால் பார்த்திருப்பார். ஆளைக் குறைத்தபோது அந்தப் பார்வையும் சேர்ந்து போய்விட்டது.

மெயில் மெர்ஜுக்கு கோடு எழுதுற நண்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று நோண்டாதீங்க. 'உங்களை எப்படிக் கூப்பிடணும்?'னு ஒரே ஒரு பெட்டி வையுங்க. அதுவும் காலியா இருந்தா, வெறும் 'வணக்கம்' போதும்.