ஆதனும் அழகரும்

மதுரைக்கு வடக்கே இருக்கும் அழகர்மலை இரண்டு ஆண்பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மலையடிவாரத்துக் கோயிலில் இருப்பது அழகர். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டிப் பக்கம் சமணர் படுக்கைகள் உள்ள குகைத்தளத்தில், தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருப்பது ஆதன். முதல் பெயரைச் சித்திரை மாதத்தில் மதுரையின் தல்லாகுளமே கூவி அழைக்கிறது. மற்றதை நூற்றாண்டுக் கணக்கில் யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இன்று தல்லாகுளம், புதூர் வட்டாரத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடும் இளம் தம்பதிகளின் வாயில் ஆதன் வருகிறது, அழகர் வருவதில்லை. செத்த பெயர் பிழைக்க, உயிரோடு இருக்கும் பெயர் அருகுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் காரணம் பிடிபடும்.

ஆதன் அரசர்க்கும் ஆண்டிக்கும் பொதுவாக இருந்த பெயர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் என்று பதிற்றுப்பத்துச் சேரர்களின் பெயருக்குள் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் கோ ஆதன் செல்லிரும்பொறை என்ற சேரன் வருகிறான். கொடுமணலில் கிடைத்த பானையோட்டில் கண்ணன் ஆதன். நம் அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகரும் கொழு வணிகரும் கொடையாளிகளாக நிற்கும் வரிசையில், மதுரைப் பொன்கொல்லன் ஒருவன் இந்தப் பெயரோடு நிற்கிறான். கல்லில் ‘அதன்’ என்றுதான் வெட்டியிருக்கிறது. ஆதன் என்று படிக்கிறார்கள். துறவிகளுக்குப் படுக்கை வெட்டப் பொருள் கொடுத்த கைவினைஞன் அவன். சேரமன்னர்களைவிட அவன்தான் எனக்கு நெருக்கமானவன்.

இந்தப் பெயர் அந்தக் காலத்தில் எவ்வளவு புழங்கியது என்பதற்குத் தொல்காப்பியமே சாட்சி. ஆதன், பூதன் என்ற பெயர்களோடு தந்தை என்ற சொல் சேரும்போது ஆந்தை, பூந்தை என்று ஆகும் என எழுத்ததிகாரம் தனி விதி சொல்கிறது. ஊருக்கு ஒருவருக்கு இருக்கும் பெயருக்காக எந்த இலக்கணக்காரரும் விதி எழுத மாட்டார். பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊர்க்காரர், கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நட்புக் கொண்டு அவனோடு வடக்கிருந்து உயிர்விட்டவர், பிசிராந்தையார். ஆந்தை என்றால் ஆதனின் தந்தை. அன்று மகன் பெயரால் தகப்பன் அறியப்பட்டான். இன்று தகப்பன் பெயரின் முதல் எழுத்து மகனுக்கு இனிஷியல் ஆகிறது. இந்த இனிஷியல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பொருள் என்று வரும்போது ஆதனிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். பெயர்ப் பட்டியல்களில் சூரியன் என்று போட்டிருப்பார்கள். அது ஆதவனோடு குழப்பிக்கொண்டது. உயிர், ஆன்மா என்றும் சமணக் கடவுளான அருகன் என்றும் அகராதிகள் தரும் பொருள்கள் பெயருக்குப் பொருந்துகின்றன. அதே அகராதிகள் அறிவிலி, குருடன் என்ற பொருள்களையும் தருகின்றன. பக்தி இயக்கக் காலத்தில் ‘ஆதர்’ ஓர் ஏச்சுச் சொல்லாகவே புழங்கியது. அருகனைக் குறித்த சொல் ஏச்சாக மாறிய காலமும் சமணம் மதுரையில் செல்வாக்கு இழந்த காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு பெயர் மதிப்பிழந்தால் பெற்றவர்கள் அதை வைக்க மாட்டார்கள். ஆதன் மறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் துணிபு.

பிறகு கீழடி வந்தது. 2014-15 பருவத்தில் மத்தியத் தொல்லியல் துறை அகழத் தொடங்கி, 2018 முதல் தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2019 செப்டம்பரில் வெளியான மாநில அறிக்கை, எழுத்துப் பொறித்த 56 பானையோடுகளைப் பற்றிச் சொன்னது. குவிரன், ஆதன் என்ற பெயர்கள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தன. ஆதன் என்று படிக்கப்படும் ஓட்டை உற்றுப் பாருங்கள். பானையின் தோள்பகுதியில் சின்னச் சின்னக் கோடுகளாகக் கீறியிருக்கிறது. ‘அ’வோடு ஒரு கோடு கூடினால் ‘ஆ’. அடுத்து ‘த’. அத்தோடு ஓடு உடைந்துவிடுகிறது. ‘ன்’ நாம் சேர்த்துக்கொள்வது. ஓட்டுக்கு ஓடு கையெழுத்து வேறாக இருப்பதால், பானைக்காரர்களே தங்கள் பெயரைக் கீறிக்கொண்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தங்கராஜ் சாலை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் அதே ஆண்டு கண்காட்சி வைத்தபோது பள்ளிப் பிள்ளைகள் சாரி சாரியாக வந்தார்கள். 2023 மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள்.

பெயர் பிழைத்ததற்குக் கீழடி மட்டுமே காரணமில்லை. ஆதவ், ஆரவ், ஆதிரன் என்று ‘ஆ’வில் தொடங்கும் மூன்றெழுத்து நான்கெழுத்துப் பெயர்களின் காலம் இது. ஆதன் அந்த வரிசையில் உறுத்தாமல் போய் உட்கார்ந்துகொண்டான். திராவிட இயக்கக் காலத்தில் நெடுஞ்செழியன், செங்குட்டுவன், இளங்கோவன் என்று பெயர்கள் குவிந்தபோது அவனைத் தனியே எடுத்து வைத்தவர்கள் மிகச் சிலர். பழமைப் பெருமையும் புதுமை ஒலியும் ஒரே சொல்லில் கிடைத்த பிறகுதான் அவனுக்கு வேளை வந்தது.

அழகரின் கதை வேறு மாதிரி. பரிபாடலும் சிலப்பதிகாரமும் பேசும் திருமாலிருஞ்சோலை, ஆழ்வார்கள் பாடிய தலம். வடமொழியில் சுந்தரராஜன். ஆனால் மதுரைக்காரர் நாவில் அழகரு. பொருள் தேட அகராதி வேண்டாம். கேட்ட மாத்திரத்தில் விளங்கும். அதைவிட முக்கியம், இது கூப்பிட்டுக் கூப்பிட்டே வாழ்ந்த பெயர். சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் கள்ளழகர் மூன்றுமாவடி, புதூர் வழியாக வரும்போது எதிர்சேவை. செம்பு நிறையச் சர்க்கரை, மேலே வாழையிலை, அதன்மேல் எரியும் சூடம். அதை ஏந்திக்கொண்டு நிற்கும் பெண்கள். தோளில் தோப்பறை என்ற தோல்பையோடு தண்ணீர் பீய்ச்சும் ஆண்கள். இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைச் சாத்திக்கொண்டு, விடியலில் குதிரையேறி ஆற்றில் இறங்குகிறார். மலைக்குத் திரும்பும்போது பூப்பல்லக்கும் தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்துதான்.

தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ ஆய்வில் கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடுள்ள உறவைத் தனித்தனியே எழுதினார். பெயரும் அப்படித்தான் பரவியது. அழகர், அழகர்சாமி, அழகுமலை, அழகப்பன், அழகுராஜா, பெண்ணுக்கு அழகம்மாள். மலையின் பெயரே அழகிரி ஆகி, இடைசெவல் எழுத்தாளர் கு. அழகிரிசாமிக்கும், சுயமரியாதைப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிக்கும் பெயரானது. அந்தப் பேச்சாளரின் நினைவாகக் கலைஞர் தம் மகனுக்கு அழகிரி என்று வைத்தார். பக்தியில் பிறந்த பெயர் பகுத்தறிவாளர் வீட்டிலும் புழங்கியிருக்கிறது என்றால் அதன் வலுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாமிக்குரிய மரியாதை விகுதியோடு, “டேய் அழகரு, எங்கடா போன?” என்று மகனை அதட்டும் உரிமையும் இந்தப் பெயரில்தான் உண்டு.

அப்படிப்பட்ட பெயர் ஏன் தேய்கிறது? பழைய ஊர்ப்பெயர் என்ற எண்ணம் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினால் ழகரம் என்ன ஆகுமோ என்ற கவலை இன்னொன்று. அழகர்சாமி என்றால் கிராமத்து ஆள் என்று சினிமாவும் பழக்கிவிட்டது. 2011-இல் வந்த ‘அழகர்சாமியின் குதிரை’ அன்பான படம்தான், ஆனாலும் அந்தப் பெயரை அது தேடியது மலையடிக் கிராமத்தில். எனவே பெயர் தகப்பனோடு நின்று, மகனுக்கு ‘அ.’ என்ற ஒற்றை எழுத்தாகிவிட்டது. 1952-இல் பிறந்த மதுரைக்காரர் நடிகர் விஜயகாந்தின் இயற்பெயர் விஜயராஜ். தந்தை பெயர் அழகர்சாமி. அந்தத் தலைமுறையிலேயே தொடங்கிய போக்கு இது. ஆந்தை என்ற சொல்லுக்குள் ஆதன் பத்திரமாக இருந்ததைப் போல, இனிஷியலுக்குள் அழகர் இருப்பாரா என்றால், மாட்டார். ஓர் எழுத்தைப் பார்த்து யாரும் பெயரை மீட்டெடுக்க முடியாது. அ என்பது அருணாசலமாகவும் இருக்கலாம், அப்துல்லாவாகவும் இருக்கலாம்.

இரண்டில் எது அரிய பெயர் என்று கேட்டால், பத்தாண்டுக்கு முன் ஆதன் என்றிருப்பேன். இப்போது அழகர் என்பேன். ஆதனைக் காக்கக் கல்லும் ஓடும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒருவர் தோண்டி எடுத்துப் படிக்கலாம். அழகருக்கு, மனிதப் பெயர் என்ற அளவில், கூப்பிடும் வாயைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

ஆதன் வைக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வையுங்கள். பொன்கொல்லனும் பானைக்காரனும் சுமந்த பெயர் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ அழகர் என்றிருந்தால், பேரனுடைய பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயரை முழுசாக எழுதுங்கள்.