பிச்சாவரம்: காட்டை அழிச்சது யாரு?

யானைக்கவுனியில இருந்து வடக்கே எண்ணூர் கழிமுகத்துக்குப் போனா, தண்ணிக்குள்ள உட்கார்ந்து கையாலயே தடவி இறால் பிடிக்கிற பெண்களைப் பார்க்கலாம். இறாலுக்கு அலையாத்திக் காடு வேணும். அழிஞ்ச காட்டைத் திரும்ப வளர்க்க முடியுமா? கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்துல வளர்த்திருக்காங்க.

அங்கே விறகு வெட்டுறாங்க, மாடு மேய்க்கிறாங்கன்னு ரொம்ப நாளா ஊர் மக்கள் மேலதான் பழி. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ஞ்சப்போ வேற காரணம் தெரிஞ்சது. பிரிட்டிஷ் காலத்துல இருந்து 1970கள் வரைக்கும், அரசே பகுதி பகுதியா மரங்களை மொத்தமா வெட்டியிருக்கு. வெயில் பட்ட மண் காய்ஞ்சு பள்ளமாச்சு. உள்ளே வந்த ஓதத் தண்ணி வெளியேற முடியாம தேங்கி, உப்பேறி, செடியே முளைக்கல.

அதனால முதல் வேலை, தண்ணிக்கு வழி விடுறது. மீன் முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி, அதோட கரையில கன்று நட்டாங்க. வனத்துறையோட சேர்ந்து இதைச் செஞ்சது பழி சுமந்த அதே ஊர் மக்கள். ஊர் மன்றத்துல பெண்களும் உறுப்பினர். அங்கேயும் இருளர் பெண்கள் கையால இறால் பிடிக்கிறவங்கதான். காடு திரும்பினா பிழைப்பும் திரும்பும்.

எண்ணூர் கழிமுகத்துல இன்னைக்குச் சாம்பல் படிஞ்சு கிடக்கு. கன்று நட்டு போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி நாம கேட்க வேண்டியது ஒண்ணுதான்: தண்ணி வந்து போக வழி இருக்கா?