தாடாசனம் முதல் சவாசனம் வரை: பெயர்கள் வந்த வழி



நம் கிளப் ஹவுஸில் நடக்கும் காலை யோகா வகுப்பை இனி வெளியிலிருந்து ஆசிரியரை வரவழைக்காமல், முறையாகப் பயிற்சி முடித்த நம் குடியிருப்பினரே நடத்தப் போகிறார்கள் என்ற செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு ஒரு விவாதமும் கிளம்பியிருக்கிறது. ஆசனப் பெயர்களைச் சம்ஸ்கிருதத்தில்தான் சொல்ல வேண்டுமா? அவை ரிஷிகள் வைத்த பெயர்கள், ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்கிறார்கள் சிலர். வாயில் நுழையாத பெயர் எதற்கு, தமிழில் சொன்னால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். மூன்றாவது ஒரு தரப்பு வாட்ஸ்ஆப் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. அந்தச் சொற்கள் ஏதோ மந்திரமாக இருக்குமோ, தங்கள் மதத்துக்குச் சரிப்படுமோ என்ற தயக்கத்தில் வகுப்புக்கே வராமல் இருக்கிறார்கள். எனக்குக் கவலை இந்த மூன்றாவது தரப்பைப் பற்றித்தான்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து, எப்போது வந்தன என்று பார்த்தால் மூன்று தரப்பினருக்குமே ஓரளவு விடை கிடைக்கும்.

முதலில் பதஞ்சலி. யோகம் என்றாலே அவர் பெயரைச் சொல்கிறோம். அவருடைய யோக சூத்திரத்தில் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூட இல்லை. இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். பெயர்கள் வருவது அந்த நூலுக்கு வியாசர் பெயரில் உள்ள உரையில்தான். பத்மாசனம், வீராசனம், பத்ராசனம், தண்டாசனம் என்று சுமார் ஒரு டஜன் பெயர்கள். பெரும்பாலும் தியானத்துக்கு உட்காரும் விதங்கள்.

அடுத்து 15ஆம் நூற்றாண்டு. சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. சிவபெருமான் 84 ஆசனங்களைச் சொன்னதாகக் குறிப்பிட்டுவிட்டு, 15 மட்டும் தருகிறது. அந்தப் பதினைந்தில் நின்றுகொண்டு செய்யும் ஆசனம் ஒன்றுகூடக் கிடையாது! அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதையில் எண்ணிக்கை 32 ஆகிறது. புஜங்காசனம், சலபாசனம், விருட்சாசனம் ஆகியவை அதில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதியில் 122 ஆசனங்கள் படங்களோடு உள்ளன. 15, 32, 122 என்று வட்டி போட்டு வளரும் கணக்கைப் போல இந்தப் பட்டியல் வளர்ந்திருக்கிறது.

அந்த மைசூர் அரண்மனையிலிருந்துதான் இன்றைய வகுப்புகளின் கிளை பிரிகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில், 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மறு ஆண்டே 'யோக மகரந்தம்' என்ற நூலைக் கன்னடத்தில் வெளியிட்டார். பின்னர் சென்னைக்கு வந்து, 1989இல் நூறு வயதைக் கடந்து மறையும்வரை இங்கேதான் இருந்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். அய்யங்கார் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' நூலில் 200 ஆசனங்கள் உள்ளன. நீங்கள் உலகில் எந்த ஊர் வகுப்புக்குப் போனாலும் காதில் விழும் நீளமான பெயர்களில் பல, இந்த நூல் வழியாகப் பரவியவை. நாம் இன்று செய்யும் திரிகோணாசனம், வீரபத்ராசனம், அதோமுக சுவானாசனம் மூன்றும் பிரதீபிகையிலும் இல்லை, கேரண்ட சம்ஹிதையிலும் இல்லை. நம்மில் மூத்தவர்களின் வயதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் பெரியவை.

சூரிய நமஸ்காரமும் அப்படித்தான். சூரியனை வணங்குவது பழைய வழக்கம். ஆனால் வரிசையான உடற்பயிற்சியாக அதைப் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர், 1920களில் மராட்டியப் பகுதியில் ஔந்து சமஸ்தானத்தை ஆண்ட அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்து, ரிஷிகேசத்தில் துறவியானவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர்கள் வழியாகவும் இந்தப் பெயர்கள் உலகம் முழுக்கப் போயின. பாய் விரித்துச் செய்யும் கலைக்குப் பத்தமடைக்காரர் குருவானது பொருத்தம்தான்.

இதைச் சொல்வது யோகாவைப் புதுச்சரக்கு என்று தள்ளிவிட அல்ல. ரிஷிகள் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் என்று ஒன்று இல்லை. பல காலத்து ஆசிரியர்கள், எதிரே இருக்கும் மாணவனுக்குப் புரிய வேண்டும் என்று, கண்ணில் பட்டதைப் பெயராக வைத்திருக்கிறார்கள். மயில், சேவல், ஆமை, ஒட்டகம், வெட்டுக்கிளி, வில், கலப்பை, படகு, பாலம். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

தயங்கும் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. 16ஆம் நூற்றாண்டில் குவாலியரில் வாழ்ந்த சூஃபி ஞானி முகம்மது கௌஸ், யோகப் பயிற்சிகளைப் பற்றிய ஒரு நூலைப் பாரசீக மொழியில் தந்தார். பெயர் 'பஹ்ருல் ஹயாத்'. ஜீவ சமுத்திரம் என்று பொருள் சொல்லலாம். பின்னாளில் ஜஹாங்கீர் ஆன இளவரசர் சலீமுக்காக, ஆசனங்களின் வண்ண ஓவியங்களோடு அந்த நூலின் ஒரு படி தயாரானது. அது இன்று அயர்லாந்தில் டப்ளின் நகரத்து செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. (சங்கீத மேதை தான்சேனின் சமாதி இந்த முகம்மது கௌஸின் சமாதிக்குப் பக்கத்தில்தான் உள்ளது.) நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வேற்று மதத்தவர் அச்சமின்றிக் கையாண்ட விஷயம் இது.

தமிழில் சொன்னால் போதும் என்பவர்களுக்குத் திருமூலர் இருக்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். ஆசனம் என்பதை அவர் 'ஆதனம்' ஆக்கினார். பத்மத்தைப் 'பங்கயம்' என்றார். யமம் 'இயமம்' ஆனது. சொல்லை விரட்டவும் இல்லை, அப்படியே விழுங்கவும் இல்லை, நம் நாக்குக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார். எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது.

இனி, கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் என்ன படிக்க வேண்டும்? இருநூறு பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். முப்பது நாற்பது சொற்கள் போதும். அவற்றில் பாதி ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கின்றன.

'அதோமுக சுவானாசனம்' கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கிறது. அதோகதி என்று தினமும் சொல்கிறோம், அந்த 'அதோ' தான் கீழே. சுவானம் பைரவருடைய வாகனம். முகத்தைக் கீழே வைத்த நாய், அவ்வளவுதான். மேலே என்றால் 'ஊர்த்துவம்'. திருவாலங்காட்டில் காலை மேலே தூக்கி ஆடியது ஊர்த்துவ தாண்டவம். 'ஜானு' என்றால் முழங்கால். முழங்காலைத் தொடும் நீண்ட கை உள்ளவனை ஆஜானுபாகு என்கிறோமே, அதில் இருக்கிறது. எனவே 'ஜானு சிரசாசனம்' என்றால் தலை முழங்காலுக்குப் போக வேண்டும். போகாதவர்களுக்கு அது போகிற திசை தெரிந்தால் போதும். சதுரங்கத்தில் 'சதுர்' நான்கு, 'அங்கம்' உறுப்பு. 'தண்டம்' கோல். இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கின் மேல் உடம்பைக் கோல்போல நிறுத்துவது சதுரங்க தண்டாசனம். எட்டு அங்கமும் தரையில் பட்டால் சாஷ்டாங்கம், கோயிலில் செய்வது. தனுஷ்கோடியில் தனுசு, சேதுபதியில் சேது, மாயூரத்தில் மயூரம். நம் ஊர்ப் பெயர்களிலேயே பாதி அகராதி கிடக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'பச்சிமோத்தானாசனம்'. பச்சிமம் மேற்கு. உட்கார்ந்து குனியும் ஆசனத்தில் மேற்கு எங்கே வந்தது? யோகம் செய்பவர் கிழக்கு நோக்கி அமர்வார் என்பது மரபு. அப்போது அவருடைய முதுகுப் பக்கம் மேற்கு. ஆகவே பச்சிமம் என்றால் குதிகாலிலிருந்து தலைவரை உடம்பின் பின்புறம். 'உத்தானம்' நன்றாக நீட்டுதல். பச்சிம, உத்தான சேர்ந்தால் பச்சிமோத்தான. சந்திர, உதயம் சேர்ந்து சந்திரோதயம் ஆவது போல. இதற்கு எதிராக உடம்பின் முன்புறத்தை நீட்டுவது பூர்வோத்தானாசனம், பூர்வம் கிழக்கு. இந்த ஒரு விஷயம் புரிந்தால், எங்கே இழுப்பு தெரிய வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரி, இடுப்பில் வலித்தால் நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

தமிழ் எழுத்தில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. சம்ஸ்கிருதத்தின் நான்கு ஒலிகளுக்கு நமக்கு ஒரே எழுத்து. அதனால் 'அர்த்த' என்று எழுதினால் இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் வருவது பொருள், செல்வம். அர்த்தநாரீசுவரரில் வருவது பாதி. 'அர்த்த சந்திராசனம்' பாதிச் சந்திரன், பணக்காரச் சந்திரன் அல்ல. ஓட்டல் பெயர்களில் வரும் 'பவன்' வீடு. 'பவனமுக்தாசன'த்தில் வரும் பவனம் காற்று, ஆஞ்சநேயரைப் பவனகுமாரன் என்பதில் உள்ளது. வயிற்றுக் காற்றை விடுவிக்கும் ஆசனம் அது, கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். 'பத்த கோணாசன'த்தில் உள்ள பத்த என்பதற்கும் பத்து என்ற எண்ணுக்கும் தொடர்பு இல்லை. பந்தம் என்ற சொல்லின் உறவு, கட்டுதல்.

சில சொற்கள் தமிழுக்கு வந்து வேறு குணம் பெற்றுவிட்டன. 'விபரீத கரணி' என்று சொன்னவுடன் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் எழுந்து போனால் ஆச்சரியப்பட வேண்டாம். நமக்கு விபரீதம் என்றால் ஆபத்து. அங்கே தலைகீழ் என்று மட்டுமே பொருள். 'வக்ராசனம்' என்பதும் வக்கிரம் இல்லை, முதுகை முறுக்குவது. இப்படிப்பட்ட இடங்களில் பொருளை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைப் பின்னால் சொல்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆசனமும் ஒன்று என்று நம்பிவிட முடியாது. இன்று தனுராசனம் என்றால் குப்புறப் படுத்துக் கணுக்கால்களைப் பிடிப்பது. பிரதீபிகையின் தனுராசனத்தில் கால் பெருவிரல்களைப் பிடித்து, வில்லின் நாணை இழுப்பது போலக் காதுவரை இழுக்க வேண்டும். கருடாசனம் இன்று ஒற்றைக் காலில் நிற்பது. கேரண்ட சம்ஹிதையில் தொடையும் முழங்காலும் தரையில் அழுந்த உட்காருவது. தாடாசனத்தில் உள்ள 'தாடம்' அய்யங்கார் நூலில் மலை, முங்கேர் நகரத்து பீஹார் யோகப் பள்ளியின் நூலில் பனை. நமக்குப் பனை பொருத்தம், நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆகவே ஒரு பள்ளியில் பயின்றவரும் வேறு பள்ளியில் பயின்றவரும் மாறி மாறி வகுப்பு எடுக்கும்போது, வெறும் பெயரைக் கூவிவிட்டு நின்றால் அறுபதைக் கடந்த முழங்கால்கள்தான் விலை கொடுக்கும். பெயரை ஒரு முறை, அதன் பொருளை ஒரு முறை, பிறகு எந்தக் காலை எங்கே வைப்பது என்பதைத் தெளிவான தமிழில். இந்த வரிசையை இரண்டு ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டு தொடங்கினால் நன்றாக இருக்கும்.

கடைசி ஆசனத்தைப் பற்றித்தான் புகார் அதிகம் வருகிறது. 'சவாசனம்' என்று காலங்கார்த்தாலே சொல்ல வேண்டுமா என்று பி பிளாக் பெரியவர்கள் கேட்கிறார்கள். பிரதீபிகையில் சவாசனம் என்றே இருக்கிறது. கேரண்ட சம்ஹிதையிலோ அதற்கு 'மிருதாசனம்' என்று பெயர், பொருளில் பெரிய ஆறுதல் இல்லை. ஆனால் பழைய ஆசிரியர்களே ஒரே கிடைக்கு இரண்டு பெயர் வைத்திருக்கும்போது, நாம் மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொள்ளத் தடையில்லை. வகுப்பில் 'ஓய்வு ஆசனம்' என்று சொல்லிவிட்டு, வெளியூர் வகுப்புக்குப் போனால் புரிய வேண்டும் என்பதற்காகப் பழைய பெயரை ஒரு முறை மட்டும் காதில் போட்டுவைக்கலாம் என்பது என் யோசனை. மாற்றுப் பெயர் வைத்திருப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் சங்கச் செயலாளரிடம் எழுதித் தரலாம்.