'வரை' என்ற ஒரு சொல்

இயேசுவைப் பெற்ற பின்னும் மரியாள் கன்னியாகவே வாழ்ந்தாரா? கி.பி. 383 வாக்கில் ரோமில் இந்தக் கேள்வி பெரிய சண்டையானது.

'இல்லை' என்று எழுதினார் ஹெல்விடியுஸ். மரியாள் மகனைப் பெறும் 'வரை' யோசேப்பு அவரோடு கூடவில்லை என்கிறது மத்தேயு 1:25. அப்படியானால் பிறகு கூடினார் என்றுதானே பொருள்? போதாததற்கு மாற்கு 6:3, யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று இயேசுவின் சகோதரர் நால்வரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஜெரோம் விடவில்லை. உலக முடிவு 'வரை' சீடர்களோடு இருப்பதாக இயேசு சொன்னாரே, அதற்குப் பிறகு கைவிட்டுவிடுவாரா என்று திருப்பிக் கேட்டார். அந்த நால்வரும் மரியாளின் சகோதரி பிள்ளைகள் என்றார். கிழக்குத் திருச்சபையிலோ, அவர்கள் யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்ற கருத்தே நிலைத்தது.

சண்டை ஒரு சொல்லோடு நிற்கவில்லை. துறவு வேகமாகப் பரவிய காலம் அது. கன்னிமை திருமணத்தைவிட உயர்ந்ததா? இல்லை என்றார் ஹெல்விடியுஸ், ஆம் என்றார் ஜெரோம். குடும்பம் நடத்திய சாதாரண கிறிஸ்தவர்களின் மதிப்பே இதில் அடங்கியிருந்தது.

ஜெரோம் பக்கமே வென்றது. ஹெல்விடியுஸின் நூல் அழிந்துபோனது. அவருடைய வாதங்கள் ஜெரோமின் மறுப்பு நூலில்தான் மிஞ்சியுள்ளன. 16-ஆம் நூற்றாண்டில், வேதமே போதும் என்ற மார்ட்டின் லூத்தர்கூட மரியாளின் நித்திய கன்னிமையை ஏற்றார். இன்றோ பல புரொட்டஸ்டன்ட் சபைகள் ஹெல்விடியுஸ் சொன்னதையே சொல்கின்றன.