சந்தனக்கல் முதல் சாஷே வரை: வீட்டில் பூசிப் பார்த்த அழகின் வரலாறு

ஆடிக்கிருத்திகை சமயத்தில் திருத்தணி மலைக்குப் போனவர்கள் ஒரு காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். முடி காணிக்கை கொடுத்துவிட்டு வரும் கைக்குழந்தை முதல் தாத்தா வரை எல்லோருடைய மொட்டைத் தலையிலும் சந்தனம் பளபளக்கும். சவரக்கத்தி பட்ட தோலின் எரிச்சல் அடங்கத்தான் அதைப் பூசுகிறார்கள். கடையில் இதே வேலையைச் செய்யும் புட்டிக்கு 'ஆஃப்டர் ஷேவ்' என்று பெயர். மலையில் அதற்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

திருத்தணிக்கும் சந்தனத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. அசுரனோடு போரிட்டபோது முருகனின் மார்பில் காயம் பட்டது, அந்தத் தழும்பின் மேல் சந்தனம் சாத்தப்படுகிறது என்கிறது தலபுராணம். அதை அரைக்கும் கல்லை இந்திரன் காணிக்கையாகக் கொடுத்தான் என்பதும் நம்பிக்கை. அந்தச் சந்தனத்தைப் பக்தர்கள் நெற்றியில் இடுவதை விட, தண்ணீரில் கரைத்து மருந்தாகக் குடிப்பதே வழக்கம்.

மருந்து எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்விக்கு இன்று வரை யாராலும் சரியாகக் கோடு போட முடியவில்லை. அழகு சாதனப் பொருட்களின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வி கூடவே வருகிறது.

அம்மியும் உரலும்தான் ஆலை

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி குளித்து அலங்கரித்துக்கொள்ளும் இடம் புகழ்பெற்றது. அவள் குளித்த நீரில் ஊறிய பொருட்களுக்கு இளங்கோவடிகள் கணக்கே கொடுக்கிறார். துவர் 10, விரை 5, ஓமாலிகை 32. மொத்தம் 47 வகை! இன்றைய விலை உயர்ந்த க்ரீமின் பின்பக்க லேபிளில் கூட அத்தனை பொருட்கள் இருப்பது அபூர்வம்.

மாதவியின் அளவுக்கு இல்லாவிட்டாலும், சாதாரண வீடுகளிலும் ஒரு சின்ன ஆலை இருந்தது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து அரைத்தால் நலங்கு மாவு. இதையே கொஞ்சம் மாற்றி அரைத்துத் தெலுங்கு பேசும் வீடுகளில் 'சுன்னிப்பிண்டி' என்பார்கள். 1953ல் ஆந்திரா பிரிந்தபோது அந்தப் பக்கம் போய், ம.பொ.சி. முதலானவர்களின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ல் தமிழகத்துக்குத் திரும்பி வந்த ஊர் திருத்தணி. இப்படிப்பட்ட எல்லை ஊர்களில் இரண்டு பெயர்களும் புழங்குவதில் ஆச்சரியம் இல்லை. எல்லைக்கோடு மாறியது, குளியல் பொடி மாறவில்லை!

கண்மையும் வீட்டிலேயே தயாரானது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கில் எரித்து, அந்தக் கரியைப் பிடித்து விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். குங்குமமும் அப்படித்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் சேர்ந்தால் சிவப்பாகும் என்பது வேதியியல் படிக்காத பாட்டிகளுக்கும் தெரிந்திருந்தது.

இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருந்தது. பூசுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஒரு பெண்ணுக்குக் கஸ்தூரி மஞ்சள் அரிக்கிறது என்றால் அடுத்த முறை அதை மட்டும் விட்டுவிட்டு அரைப்பார்கள்.

அதற்காகப் பழையதெல்லாம் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. பழைய காலத்துச் சுர்மாவில் ஈயம் கலந்த கனிமம் உண்டு. சாதிலிங்கம் என்ற சிவப்புப் பொருள் பாதரசச் சேர்மம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஆபத்து ஒளிந்திருக்கலாம்.

புட்டியில் வந்த அழகு

ஆலையில் செய்த அழகு சாதனங்கள் நம் நாட்டுக்கு வந்தது வெள்ளைக்காரர் காலத்தில். அமெரிக்காவில் 1846ல் தியரன் பாண்ட் என்பவர் தொடங்கிய பாண்ட்ஸ் முதலில் காயத்துக்கான மருந்தாகத்தான் விற்றது, முகத்துக்கான க்ரீம் பிறகு வந்தது. (இங்கேயும் மருந்துதான் அலங்காரமானது, கவனிக்க!) சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பாண்ட்ஸ் ஆலை இருந்ததால் அந்தப் பகுதிக்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தியர்களும் சும்மா இருக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் 1916ல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் மைசூர் சாண்டல் சோப். பம்பாயில் ஈ.எஸ். பட்டன்வாலா 1919ல் 'ஆஃப்கன் ஸ்நோ'வைக் கொண்டுவந்தார். நம் பாட்டிகள் 'ஸ்நோ' என்று சொன்ன பொருள் இதுதான். சென்னையில் 1938ல் தொடங்கிய ஐடெக்ஸ் கண்மை விளக்குக் கரியின் இடத்தைப் பிடித்தது. வெளிநாட்டு ஒப்பனைப் பொருட்களுக்கே அந்நியச் செலாவணி போகிறதே என்ற கவலை இருந்த 1952ல் டாடா குழுமம் 'லக்மே'யைத் தொடங்கியது. ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் பெயர் அது. அந்தப் பெயருக்கு மூலம் நம்ம லட்சுமி!

மருந்தா அலங்காரமா என்ற பழைய கேள்வி வரி அலுவலகத்துக்கும் போனது. மஞ்சளை வைத்துச் செய்த விக்கோ டர்மரிக் க்ரீம் அழகு சாதனம் என்றது கலால் துறை. இல்லை, ஆயுர்வேத மருந்து என்றது நிறுவனம். அழகு சாதனம் என்றால் வரி அதிகம், அவ்வளவுதான் விஷயம். வழக்கு பல ஆண்டுகள் நடந்து உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனமே வென்றது. இதே மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995ல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது.

வாங்கினால்தான் பூச முடியும்

புட்டியில் ஒரு சிக்கல் இருந்தது. ஒத்துக்கொள்ளுமா ஒத்துக்கொள்ளாதா என்று பார்க்கவே முழுப் புட்டியையும் வாங்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் போட்ட பணம் போச்சு. தினக்கூலி வீடுகளில் இந்தச் சோதனைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அமெரிக்காவில் எஸ்டீ லாடர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1946ல் நிறுவனம் தொடங்கிய அவர், வாங்குகிறவர்களுக்கு வேறொரு பொருளின் சின்ன மாதிரியை இலவசமாகக் கொடுத்து வீட்டில் முயற்சி செய்ய வைத்தார். பூசிப் பார்த்தவர்கள் மறுபடி வந்தார்கள்.

தமிழ்நாட்டில் வேறொரு வழி பிறந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்றால் அளவைச் சிறியதாக்க வேண்டும் என்று நினைத்தவர். அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் வெல்வெட் ஷாம்பு சாஷே. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் தனியாகப் பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் 1983ல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அப்பாவின் பெயர் எழுத்துக்களே 'சிக்' ஆனது. அந்தக் கம்பெனிதான் பிற்காலத்து கெவின்கேர்.

ஷாம்புவையே பார்த்திராத கிராமங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பையனை ஊர் நடுவில் உட்கார வைத்துத் தலை அலசிவிட்டு, சுற்றி நின்றவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். அடுத்ததாக, எந்தக் கம்பெனியின் காலி சாஷேவானாலும் 5 கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். பிறகு சிக் சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்தைத் தொட்டது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பிறகு 50 காசுக்கும் சாஷே வந்தது. வணிகவியல் பாடத்தில் சந்தை ஊடுருவல் என்று படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கல்லூரிப் பெண்ணும் சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணும் பெட்டிக்கடையில் ஒரே பொருளை வாங்கிப் பார்க்கும் நிலையை சாஷே கொண்டுவந்தது. இது சாதாரண மாற்றம் இல்லை. ஆனால் அதே கொடியில் ஷாம்புவுக்குப் பக்கத்தில் இன்னொரு சாஷேவும் தொங்கியது...

சிவப்பழகு என்ற வியாபாரம்

ஹிந்துஸ்தான் லீவர் 1975ல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. வைட்டமின் பி3 வகையான நியாசினமைட் அதன் முக்கியப் பொருள். 1998ல் கெவின்கேரின் 'ஃபேர்எவர்' போட்டிக்கு வந்தது. 2005ல் ஆண்களுக்கும் தனியாக ஒரு க்ரீமை இமாமி விற்கத் தொடங்கியது.

க்ரீமை விட விளம்பரங்கள்தான் அதிகம் காயப்படுத்தின. கறுப்பாக இருந்தால் வேலை இல்லை, வரன் இல்லை. பூசினால் இரண்டும் உண்டு! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து எதிர்த்ததால் 2003ல் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2009ல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியது. கறுப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று 2014ல் விளம்பரத் தர கவுன்சில் விதி வகுத்தது. 2020ல் உலகம் முழுவதும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது 'ஃபேர்' என்ற சொல் போய் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது.

பெயர் மாறியது. ஆசை மாறியதா? வள்ளி தினைப்புனம் காத்த குறமகள். வெயிலில் நின்று வளர்ந்த பெண். அவளைத் தேடி முருகன் வந்தான் என்று கொண்டாடும் ஊர்களிலேயே வரன் பார்க்கும்போது முதல் கேள்வி "பொண்ணு சிவப்பா?" என்பதுதான்.

கண் போன பிறகு வந்த சட்டம்

புதுப் பொருளைப் பூசிப் பார்ப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று உலகம் கற்றுக்கொண்டது 1930களில். அமெரிக்காவில் 1933ல் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த பாரா ஃபினைலின் டையமின் என்ற பொருளால் சில பெண்களின் பார்வை போனது, உயிரிழப்பும் நேர்ந்தது. ஆனாலும் அதைத் தடுக்க அன்று சட்டம் இல்லை! 1938ல் சட்டம் வந்த பிறகே அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அதே வேதிப்பொருள் தலைமுடிச் சாயங்களில் இன்றும் இருக்கிறது. பூசுவதற்கு முன் தோலில் சோதித்துப் பார்க்கச் சொல்லி அட்டையில் எழுதியிருப்பது அதனால்தான். எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்?

இந்தியாவில் 1940ல் வந்தது மருந்துச் சட்டம் மட்டுமே. 1962ல் திருத்தம் செய்துதான் அழகு சாதனங்களை அதற்குள் கொண்டுவந்தார்கள். நிறத்துக்காக ஈயமோ ஆர்சனிக்கோ சேர்க்கக் கூடாது, பாதரசம் கூடாது என்று விதிகள் உண்டு. 2020ல் அழகு சாதனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன.

சட்டம் இருந்தும் நடந்தது என்ன? கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தவர்கள்! பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்திய பிறகு நோய் தணிந்தது.

காரணம் பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. அதனால் சில வாரங்களிலேயே முகம் வெளுக்கும், பூசியவருக்குச் சந்தோஷம். ஆனால் அது தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தில் சேர்கிறது. கண்ணாடியில் தெரிவது முதல் பாதி மட்டுமே.

அட்டையைத் திருப்பிப் பார்ப்போம்

வீட்டில் அரைத்த காலத்தில் உள்ளே இருப்பது என்ன என்று பாட்டிக்குத் தெரியும். இன்று அந்த வேலையை அட்டை செய்ய வேண்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், சேர்மானப் பட்டியல், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுப் பொருள் என்றால் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத டப்பாவை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்கக் கூடாது. புதுப் பொருள் எதுவானாலும் முகத்துக்குப் போகும் முன் முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி, ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் பாதரசம் இந்தச் சோதனையில் மாட்டாது. அரிப்பே இல்லாமல் அது வேலையைக் காட்டும். ஒரு வாரத்தில் சிவப்பாகலாம் என்று சொல்லும் க்ரீமைச் சந்தேகப்படுவது ஒன்றே அதற்கு வழி.

சாஷே ஒரு ரூபாய்க்குக் கிடைக்கலாம், சிறுநீரகத்துக்கு அந்த விலையில் மாற்று கிடைக்காது. திருத்தணி மலையில் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுகிறவர்கள் யாரும் சிவப்பாக வேண்டும் என்று பூசுவதில்லை. எரிச்சல் அடங்கினால் போதும் என்றுதான் பூசுகிறார்கள். தோலுக்கு நாம் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் அவ்வளவுதான்.