பூனைத் தெள்ளும் கராச்சி எலியும்



பேத்தியின் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி. "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்றார்கள் வீட்டில். எனக்குக் கராச்சி ஞாபகம் வந்தது.

1898 ஜூன். ஊரில் பிளேக். பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், பிளேக் கண்ட எலியை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் விட்டார். தெள்ளு போதாதென்று, தங்கியிருந்த ஓட்டலில் திரிந்த பூனையிடமிருந்தும் கொஞ்சம் பிடித்துப் போட்டார்! பிறகு நல்ல எலி ஒன்றைக் கூண்டில் வைத்து ஜாடிக்குள் தொங்கவிட்டார். எலிகள் ஒன்றையொன்று தொட முடியாது, தெள்ளு தாவலாம். சில நாளில் நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. ஆனாலும் பல ஆண்டுகள் பெரும்பாலோர் அவரை நம்பவில்லை. நானும் வகுப்பில் "எலியால் பிளேக்" என்று சொல்லி நகர்ந்தவன்தான். தெள்ளைச் சொன்னதே இல்லை.

பயப்படாதீர்கள், பிளேக்கைப் பரப்பியது முக்கியமாக எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு வேறு. ஆனால் பூனையை விரட்டினாலும் முட்டையும் புழுவும் பாயிலும் மிதியடியிலும் கிடக்கும். பிறகு நம் காலைக் கடிக்கும். எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, மூலை முடுக்கெல்லாம் பெருக்கினோம். கால்நடை மருத்துவர் தந்த சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டோம். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பூனை இப்போது என் சாய்வு நாற்காலியில் தூங்குகிறது. நான் தரையில்.